இரண்டு மணி நேர மிஷினை நம்பலாமா?

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் மும்பை தாராவியில் 90 அடி ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். என் தம்பிக்கு 23 வயது, தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. 5 மாதத்துக்கு முன் இருமலும் சாயங்காலக் காய்ச்சலும் வந்தது. பக்கத்து கிளினிக்கில் எக்ஸ்ரே பார்த்து டிபி என்றார்கள். சளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் ‘நெகட்டிவ்’. ஆனாலும் மாத்திரை ஆரம்பித்தார்கள். முதல் 2 மாதம் நன்றாகத் தேறினான், எடையும் கூடியது. 3-ஆம் மாதம் காய்ச்சல் திரும்ப வந்துவிட்டது. ஒரு நாள்கூட மாத்திரையை விடவில்லை, நானே எண்ணிக் கொடுத்தேன். இப்போது மாநகராட்சி தவாகானாவில் (மருத்துவ நிலையத்தில்) சளி எடுத்து ஒரு மிஷினில் போட்டு, மறுநாளே ‘டிபி இருக்கிறது, ரிஃபாம்பிசின் மருந்துக்கு எதிர்ப்பு இருக்கிறது’ என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டார்கள். மருந்தையே மாற்ற வேண்டுமாம். மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கும் எங்கள் அத்தான், ‘2 மணி நேரத்தில் மிஷின் என்ன கண்டுபிடிக்கும், கல்ச்சர் வரட்டும்’ என்கிறார். கிளினிக் டாக்டர், இருக்கிற மாத்திரையோடு இன்னொன்றைச் சேர்த்துப் பார்க்கலாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? காசு கொடுத்தாவது மாதாமாதம் இந்த மிஷின் டெஸ்ட் எடுத்துக் கிருமி குறைகிறதா என்று பார்க்கலாமா? வீட்டில் என் 4 வயது மகள் இருக்கிறாள். தம்பியை ஊருக்கு அனுப்பிவிடலாமா? சிவ்ரி டிபி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்களோ என்று அம்மா அழுகிறார்.

— ஒரு வாசகி, தாராவி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். தவாகானாவில் சொன்னதைக் கேளுங்கள். கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட், வரட்டும் என்று மருந்தை மாற்றாமல் இருக்க வேண்டாம். கிளினிக் டாக்டர் சேர்க்கச் சொல்லும் அந்த ‘இன்னொரு மாத்திரை’ வேண்டவே வேண்டாம். இதோடு கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நேராகத் தவாகானாவுக்குப் போனாலும் சரி. காரணம் தெரிந்தால்தான் அத்தானோடு பேச முடியும் என்றால், மேலே படியுங்கள்.

நான் மருந்துச் சீட்டு எழுதும் டாக்டர் இல்லை. மும்பையில் ஒரு டிபி பரிசோதனைக் கூடத்தில் நுண்ணுயிரியல் பார்க்கிறவள். நோயாளிகளின் முகத்தைவிட அவர்களுடைய சளி டப்பாக்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் டப்பா பக்கத்திலிருந்தே பேசுகிறேன்.

அத்தானின் சந்தேகம் ஒன்றும் அசட்டுத்தனமானதல்ல. டிபி கிருமி மகா சோம்பேறி. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமி ஒன்று இரண்டாக 20 நிமிடம் போதும். டிபி கிருமிக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் வேண்டும். அதனால்தான் கல்ச்சரில் கிருமி முளைத்து வரவில்லை என்று சொல்ல நாங்கள் 42 நாள் பார்க்கிறோம். முளைத்த பிறகு எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்க்க இன்னும் சில வாரம். அத்தான் அந்தக் காலக் கணக்கை வைத்துப் பேசுகிறார். ஆனால் இந்த மிஷின் கிருமியை வளர்ப்பதே இல்லை.

அது என்ன செய்கிறது என்று சொல்கிறேன். டப்பா வந்ததும் சளியைப் போல இரண்டு பங்கு ஒரு கரைசலை ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கி, 15 நிமிடம் வைப்போம். கோழை கோழையாக நூல் இழுத்துக்கொண்டிருந்தது நீர்போல இளகிவிடும். கட்டி எதுவும் மிச்சமில்லையே என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, 2 மில்லி உறிஞ்சி உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜுக்குள் விடுவோம். அதை மிஷினில் வைத்துக் கதவை மூடினால் எங்கள் கைவேலை முடிந்தது. உள்ளே கிருமிகள் ஒரு வடிகட்டியில் மாட்டிக்கொள்ளும். அவற்றைக் கழுவி, ஒலி அதிர்வால் உடைத்து, உள்ளிருக்கும் டிஎன்ஏவை மிஷின் வெளியே எடுக்கும். அப்புறம் சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி. ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏவில் குறித்த அந்தத் துண்டு இரட்டிப்பாகும். கணக்குப்படி 30 சுற்றில் ஒன்று 107 கோடியாகிவிடும். கிருமிக்கு வாரக்கணக்கில் ஆவது இங்கே 2 மணி நேரத்துக்குள் முடிவது இதனால்தான்.

இது ஜீன்எக்ஸ்பர்ட், நம் ஆட்கள் சிபிநாட் என்பார்கள். 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒப்புதல் தந்தது. தவாகானாவில் இருந்தது நம் நாட்டில் உருவான ட்ரூநாட்டாகவும் இருக்கலாம். பேட்டரியிலேயே ஓடும் சின்னப் பெட்டி அது. ஒரு சிப்பில் டிபி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் மட்டும், எடுத்து வைத்த அதே டிஎன்ஏவை இரண்டாவது சிப்பில் விட்டு ரிஃபாம்பிசின் விஷயத்தைப் பார்ப்பார்கள். எந்த மிஷின் என்று ரிப்போர்ட்டின் தலைப்பிலேயே இருக்கும். வேலை செய்யும் தத்துவம் ஒன்றுதான்.

முதலில் வந்த ‘நெகட்டிவ்’ ரிப்போர்ட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒரு மில்லி சளியில் ஏறத்தாழ 10,000 கிருமியாவது இருந்தால்தான் மைக்ராஸ்கோப்பில் கண்ணில் படும். ஜீன்எக்ஸ்பர்ட்டின் முதல் வகைக்கு 130 போதும். ‘அல்ட்ரா’ என்ற பிந்தைய வகைக்கு 16 போதும். அன்று தம்பி கொடுத்தது சளியா எச்சிலா என்பது வேறு விஷயம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சரி, எதிர்ப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ரிஃபாம்பிசின் மருந்து கிருமிக்குள் போய் ஒரு குறிப்பிட்ட புரதத்தின் மேல் உட்கார்ந்து அதன் வேலையை நிறுத்தும். அந்தப் புரதத்துக்கான ஜீனில் 81 எழுத்து நீளமுள்ள ஒரு சின்னப் பகுதி உண்டு. ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமிகளில் 100-க்கு 95-க்கு மேல் அந்தப் பகுதியில்தான் எழுத்து மாறியிருக்கும். உங்கள் தம்பி பட்டறையில் தோலின் மேல் அட்டை அளவை வைத்துப் பார்ப்பாரே, அதுபோல மிஷினிடமும் சரியான எழுத்து வரிசைக்கான அளவுத் துண்டுகள் இருக்கின்றன. கிருமியின் ஜீன் மேல் அவை கச்சிதமாக உட்கார்ந்தால் ‘எதிர்ப்பு இல்லை’. ஒரு துண்டு உட்காராமல் தூக்கிக்கொண்டு நின்றால் ‘எதிர்ப்பு இருக்கிறது’.

கவனியுங்கள், மிஷின் பார்த்தது அந்த ஒரே பகுதியைத்தான். தம்பி சாப்பிட்ட மாத்திரையில் 4 மருந்து உண்டு. மற்ற 3 வேலை செய்கின்றனவா என்று யாரும் அதைக் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை. நம் நாட்டில் ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமி பெரும்பாலும் அந்த 3-இல் ஒன்றான ஐசோநியாசிடுக்கும் அடங்காது. அதனால் டாக்டர்கள் மொத்த மருந்தையும் மாற்றுகிறார்கள். இதன் மறுபக்கம்தான் எனக்கு அதிகக் கவலை. ‘ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இல்லை’ என்று வந்ததும் எல்லா மருந்தும் கேட்கும் என்று நினைத்து ரிப்போர்ட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். 2014-16-இல் நடந்த தேசிய ஆய்வில், புதிதாக டிபி வந்தவர்களிலேயே 100-க்கு 11 பேரின் கிருமிக்கு ஐசோநியாசிட் எதிர்ப்பு இருந்தது. அந்த மிஷினும் அந்தச் சிப்பும் இதைப் பார்க்கவே பார்க்காது. இதைப் படிக்கும் மற்றவர்கள் டாக்டரிடம் ‘ஐசோநியாசிடுக்குப் பார்த்தாச்சா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மிஷின் தப்பே செய்யாதா? செய்யும். எதிர்ப்பு இல்லாத 100 பேரில் சுமார் 2 பேரிடம் இருப்பதாகச் சொல்லிவிடும். 2 பேர்தானே என்று விட்டுவிட முடியாது. யாருக்கு டெஸ்ட் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் கனம் மாறும். அதே தேசிய ஆய்வில் மல்டி டிரக் எதிர்ப்பு (ரிஃபாம்பிசின், ஐசோநியாசிட் இரண்டுக்கும் அடங்காதது) புதிய நோயாளிகளில் 100-க்கு 3-க்குக் கொஞ்சம் குறைவு, முன்பே மருந்து சாப்பிட்டவர்களில் 11-க்கு மேல். இதை வைத்து ஒரு மனக்கணக்கு போடுவோம். புதியவர்கள் 1000 பேரில் உண்மையாக எதிர்ப்புள்ளவர் 28. மிஷின் அவர்களில் 27 பேரைப் பிடிக்கும். மீதி 972 பேரில் 19 பேரைத் தவறாகச் சொல்லும். ஆக ‘எதிர்ப்பு’ என்று வரும் 46 ரிப்போர்ட்டில் 19 தப்பு! அதனால்தான் இதற்கு முன் டிபி மருந்தே சாப்பிடாதவருக்கு இப்படி வந்தால் இன்னொரு சளி வாங்கித் திரும்பவும் பார்ப்பது வழக்கம். முன்பே சாப்பிட்டவர்கள் 1000 பேரில் உண்மையாக எதிர்ப்புள்ளவர் 116. பிடிபடுவது 111, தவறு 18 பேருக்குத்தான். ரிப்போர்ட் ஏழில் ஆறு சரி.

உங்கள் தம்பி 3 மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டும் காய்ச்சல் திரும்பி வந்தவர். அவருடைய உடம்பே மிஷினுக்குச் சாட்சி. ரிப்போர்ட்டில் கிருமியின் அளவு ‘வெரி லோ’ என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கிருமி மிகக் குறைவாக இருக்கும்போது மிஷின் தடுமாறுவது உண்டு. அப்படியானால் இன்னொரு சளி கேட்பார்கள், கொடுங்கள். ‘மீடியம்’, ‘ஹை’ என்றிருந்தால் எனக்குச் சந்தேகமே இல்லை.

‘நானே எண்ணிக் கொடுத்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வரியை நான் பல வீட்டுப் பெண்களிடம் கேட்டிருக்கிறேன். தப்பு உங்களிடம் இல்லை. மாத்திரை விட்டுப்போனவர்களுக்கு மட்டும் வரும் நோய் அல்ல இது. தாராவி மாதிரி நெருக்கமான இடத்தில், ஏற்கெனவே எதிர்ப்புள்ள கிருமியே ஒருவரின் இருமலிலிருந்து நேராக உங்கள் தம்பிக்குத் தொற்றியிருக்கலாம். அப்படியானால் முதல் நாளிலிருந்தே அந்த மாத்திரைகள் பாதி பலத்தோடுதான் சண்டை போட்டிருக்கின்றன. 2 மாதம் தேறியதும் அப்புறம் சரிந்ததும் அதனால்தான். அன்றைக்கே சளியை மிஷினில் போட்டிருந்தால் இத்தனை மாதம் மிச்சமாகியிருக்கும். கிளினிக் மேல் எனக்குக் கோபம்தான், மறைக்க ஒன்றுமில்லை.

அந்த ‘இன்னொரு மாத்திரை’க்கு வருகிறேன். பெயர் எழுதவில்லை, பெரும்பாலும் லீவோஃப்ளாக்சசினாக இருக்கும், மற்றக் காய்ச்சலுக்கும் கைக்கு வருவது அதுதான். நுரையீரலில் ஒரு பொத்தல் விழுந்த இடத்தில் கோடிக்கணக்கில் கிருமி இருக்கும். எந்த மருந்தை எடுத்தாலும் அந்த ஒன்றுக்கு மட்டும் அடங்காத சிலது அதில் இயல்பாகவே இருக்கும். நாலு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதே ஒன்றுக்குத் தப்பியதை இன்னொன்று பிடிக்கட்டும் என்றுதான். ஏற்கெனவே தோற்றுப்போன கூட்டத்தில் புதிதாக ஒன்றை மட்டும் சேர்த்தால் அது தனியாகத்தான் நிற்கும். சில வாரத்தில் அதுவும் தோற்கும். மும்பை மாஹிமில் ஹிந்துஜா மருத்துவமனை டாக்டர்கள், பார்த்த எல்லா மருந்துக்கும் அடங்காத 4 டிபி நோயாளிகளைப் பற்றி எழுதியது 2012-இன் தொடக்கத்தில் நாடெங்கும் செய்தியானது. அதில் அவர்கள் சுட்டிக்காட்டியதும் இதையே: டாக்டர் மாற்றி டாக்டர், முறையில்லாமல் சேர்த்த மருந்துகள். உங்கள் தம்பிக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. இனி அவருக்குக் கொடுக்கப்போகும் புதிய மருந்துக் கூட்டில் மாக்ஸிஃப்ளாக்சசின் இருக்க வாய்ப்பு அதிகம். அதுவும் லீவோவும் ஒரே குடும்பம். ஒன்றைக் கெடுத்தால் இரண்டும் போச்சு.

அந்தக் கூட்டைப் பற்றி அம்மாவிடம் சொல்லுங்கள். முன்பு மருந்துக்கு அடங்காத டிபி என்றால் ஒன்றரை, இரண்டு வருடம் மருந்து. மாதக்கணக்கில் ஊசி, அதில் பலருக்குக் காது போனது. தெருவில் சொல்லும் பயங்கரக் கதைகள் அந்தக் காலத்தவை. பெடாக்விலின், ப்ரிடோமானிட், லினஸோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் நாலும் சேர்ந்த 6 மாதச் சிகிச்சைக்கு 2024 செப்டம்பரில் நம் அரசு அனுமதி தந்தது. எல்லாம் மாத்திரை, ஊசி இல்லை. இதைப் பற்றி 2022-இல் வெளியான சர்வதேச ஆய்வில் 100-க்கு 89 பேர் தேறினார்கள். தம்பிக்கு இது பொருந்துமா என்று முடிவு செய்ய வேண்டியது மருந்து எதிர்ப்பு டிபி மையத்து டாக்டர்கள். தொடங்குமுன் ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள். நடுவில் பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது, பார்வை மங்குகிறது என்று தம்பி சொன்னால் அடுத்த தேதிவரை காத்திராமல் அன்றே போங்கள். அது லினஸோலிடின் வேலை. அளவைக் குறைத்துச் சமாளிக்க அவர்களுக்குத் தெரியும்.

இதற்கிடையில் சளியை ‘எல்பிஏ’ என்ற டெஸ்டுக்கும் கல்ச்சருக்கும் அனுப்பியிருப்பார்கள். எல்பிஏ என்பது ஒரு விரல் நீளப் பட்டை. அதில் கோடு கோடாக விழும். எந்தக் கோடு விழுந்தது, எது விழவில்லை என்று பார்த்து ஐசோநியாசிட் கேட்குமா, மாக்ஸிஃப்ளாக்சசின் குடும்பம் கேட்குமா என்று சொல்லிவிடலாம். சளியில் நேராகக் கிருமி தெரிந்தால் சில நாளில் வந்துவிடும். தெரியாவிட்டால் கல்ச்சரில் வளர்த்து அதிலிருந்துதான் செய்ய முடியும்; அதுதான் வாரக்கணக்கில் இழுப்பதற்குக் காரணம், யாரும் தூங்குவதால் அல்ல. பெடாக்விலின், லினஸோலிட் கேட்குமா என்று பார்க்க இன்றும் எங்களுக்குக் கல்ச்சர் வேண்டும். அந்த அளவுக்கு அத்தான் சொல்வது சரி. கல்ச்சர் வரட்டும். ஆனால் தம்பி புதிய மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வரட்டும். வந்த பிறகு மருந்தில் திருத்தம் செய்வார்கள்.

மாதாமாதம் மிஷின் டெஸ்ட் வேண்டாம், காசு தண்டம். மிஷினுக்கு உயிருள்ள கிருமி, செத்த கிருமி என்ற வித்தியாசம் தெரியாது. டிஎன்ஏ இருந்தால் போதும், ‘இருக்கிறது’ என்று சொல்லிவிடும். வீட்டைக் காலி செய்துகொண்டு போனவர் பெயர் சால் (வரிசை வீடுகள்) வாசல் பலகையில் மாதக்கணக்கில் இருப்பதில்லையா, அப்படி. நன்றாகக் குணமாகிவரும் பையன்கள் தனியார் லேபில் தாங்களாகவே இந்த டெஸ்டை எடுத்து, ‘பாசிட்டிவ்’ பார்த்து, மருந்து கேட்கவில்லை என்று மனமுடைந்து வந்திருக்கிறார்கள். கிருமி சாகிறதா என்று சொல்வது மாதாந்திர மைக்ராஸ்கோப்பும் கல்ச்சரும்தான். அவை தவாகானா வழியாக இலவசம். மருந்தும் இலவசம். நிக்ஷய் எண் (அரசின் டிபி பதிவு எண்) போட்டதும் தம்பியின் வங்கிக் கணக்கு விவரத்தைக் கொடுத்துவிடுங்கள். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் வரும்.

சிவ்ரி பற்றி. ‘சிவ்ரிக்குப் போனவன் திரும்ப மாட்டான்’ என்று மும்பைத் தமிழர் வீடுகளில் சொல்வதை நானும் கேட்டு வளர்ந்தவள்தான். இன்று பெரும்பாலோர் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுகிறார்கள். மூச்சு வாங்கினாலோ ரத்தம் வந்தாலோ பக்கவிளைவு மோசமானாலோதான் படுக்கை. வீட்டில் வைத்தே டிபியைக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்கு நிரூபித்ததே நம் சென்னைதான். 1956-இல் அங்கே தொடங்கி 1959-இல் முடிவு வெளியான ஆய்வில், நெருக்கமான ஏழை வீடுகளில் இருந்தபடி மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் படுத்தவர்களும் கிட்டத்தட்ட ஒன்றாகவே தேறினார்கள். வீட்டில் வைத்துக்கொண்டதால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. தம்பியின் கிருமி வேறு ரகம் என்றாலும், சரியான மருந்து உள்ளே போகத் தொடங்கியதும் பரப்பும் சக்தி குறையும் என்பது இதற்கும் பொருந்தும்.

அதுவரை ஜன்னலோரம் தம்பிக்கு, முடிந்தால் இரவில் குழந்தை வேறு இடத்தில். அவர் முகக்கவசம் போடட்டும். தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டியதில்லை, தொற்றுவது காற்றில். ஊருக்கு அனுப்புவது இப்போது வேண்டாம். இங்கே பாதியில் நிற்கும் டெஸ்டுகள் அங்கே அவரைத் தேடி வராது. என்றைக்காவது போய்த்தான் ஆக வேண்டும் என்றால் நிக்ஷய் எண்ணோடு சிகிச்சையை மாற்றச் சொல்லிவிட்டுப் போகட்டும்.

மகளை இந்த வாரமே தவாகானாவுக்குக் கூட்டிப்போங்கள். ‘மாமாவுக்கு மருந்துக்கு அடங்காத டிபி’ என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வழக்கமான ஐசோநியாசிட் தடுப்பு மாத்திரையைக் கொடுத்துவிடுவார்கள். மாமாவின் கிருமி அதற்கு அடங்குமா என்பதே நமக்கு இன்னும் தெரியாது. இப்படிப்பட்ட வீட்டுக் குழந்தைகளுக்கு வேறு தடுப்பு மருந்து இருக்கிறது, அதை டாக்டர் முடிவு செய்வார். 4 வயதுப் பிள்ளைக்குச் சளி துப்ப வராதே என்று கவலைப்பட வேண்டாம். தேவைப்பட்டால் மலத்திலிருந்தும் ஜீன்எக்ஸ்பர்ட்டில் பார்க்க முடியும்.

கடைசியாக அந்த டப்பா. இனி மாதாமாதம் தம்பி சளி கொடுக்க வேண்டியிருக்கும். எங்களுக்கு வரும் டப்பாக்களில் பாதி எச்சில். சிலதில் டீயும் குட்காத் துணுக்கும் மிதக்கும். தொண்டையைக் காறினால் வருவது எச்சில்தான். காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடுமுன், வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு, மாடியிலோ வெளியிலோ போய் நின்று, இரண்டு முறை மூச்சை ஆழ இழுத்து அடக்கி, அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமட்டும். கெட்டியாக, மஞ்சளாக, ஒரு டீஸ்பூன் அளவுக்காவது வர வேண்டும். மூடியை இறுக்கி, நிமிர்ந்த வாக்கில் அன்றைக்கே கொண்டுபோங்கள். பெயரை மூடியின் மேல் எழுதாதீர்கள், டப்பாவின் பக்கத்தில் எழுதுங்கள். மூடியைக் கழற்றி மேஜையில் வைத்த பிறகு எங்களுக்கு எந்த மூடி எந்த டப்பாவுடையது என்று தெரியாது.